செந்தூரனின் வீங்கிய விரல்

அந்த மதுரை அடுக்ககத்தில் பூசணிப் பூவுக்குக்கூட எந்திரத் தேனீதான் வந்துபோகும். உயிருள்ள தேனீயைப் பலர் பார்த்ததே இல்லை. மரகதவல்லி மட்டும் ஐந்தாம் மாடி பால்கனியில் துளசியும் தும்பையும் வளர்த்து, கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்து, நிஜத் தேனீ வருமென்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

ஒருநாள் காலையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கணவர் செந்தூரன் அலறினார். "ஐயோ, கொட்டிருச்சு!"

அவள் ஓடிவந்தாள். துளசிப் பூக்களில் நாலைந்து தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அவர் வீங்கிய விரலை வீடுவீடாகக் காட்டக் கிளம்பிவிட்டார். "நெசத் தேனீங்க! தொட்டுப் பாருங்க!"

சாயங்காலம் துளசி விதை கேட்டு வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். விதையை அள்ளிக் கொடுத்தாலும் மரகதவல்லிக்கு மனசு ஆறவில்லை.

"தண்ணி ஊத்துனது நானு. கொட்டுனது இவரையாக்கும்!"