பூனைக்குக் கிடைத்த மொழி

திருப்பரங்குன்றத்தில், ராதாமணி வீட்டுக் கூடத்தில், மின்விசிறி கடகடக்கிறது. சேசு சபைக் குரு இன்னாசிமுத்து அவள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் தாம் மொழிபெயர்த்த பைபிளை உரக்க வாசிக்கிறார். ஓடிப்போன மகன் வீடு திரும்பும் இடம். முருங்கைக்கீரை ஆயும் ராதாமணியின் கை நிற்கிறது. முந்தானை கண்ணுக்குப் போகிறது. தம் தாய்மொழி அல்லாத மொழியில் ஒருத்தியை அழவைத்துவிட்டதில் அவருக்கு நெஞ்சு நிறைகிறது. "எங்க ஆளுக பேசுன மாதிரியே இருக்கு ஃபாதர்," என்கிறாள், தமிழில். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். வெளியாளைக் கண்டால் நாக்கு தானாகத் தமிழுக்குத் தாவிவிடும். அவர் விடாமல் சௌராஷ்டிரத்திலேயே தண்ணீர் கேட்கிறார். "இந்தா கொண்டு வாரேன் ஃபாதர்," என்று தமிழிலேயே எழுகிறாள். அதற்குள் ஜன்னல் வழியே குதித்த பூனை பால் பாத்திரத்தை முகர்கிறது. பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ராதாமணி சௌராஷ்டிரத்தில் திட்டுகிறாள், கொஞ்சுகிறாள், மறுபடி திட்டுகிறாள். அவர் வருஷக்கணக்காய்த் தேடியும் கிடைக்காத சொற்கள் அதில் தெறிக்கின்றன. பேனாவை எடுக்கத் தோன்றவில்லை. வெயில் விழுந்த அவள் தோளில் மோவாயை வைத்தபடி பூனை அவரைப் பார்க்கிறது. அதன் காதைப் பிடித்துத் திருகினால் என்ன என்று இருக்கிறது ஃபாதருக்கு.