வலக்கன்னம்

சவரம் என்றால் இடக்கன்னத்தை மட்டும் நீட்டுவது வேதரத்தினத்தின் நான்கு வருடப் பழக்கம். வலக்கன்னத்தில் காற்று பட்டாலே கரண்ட் அடித்ததுபோல நரம்பு சுண்டி இழுக்கும். அந்தப் பக்கத் தாடி மார்புவரை தொங்கியது. அந்த வலிக்கான ஆபரேஷன் அன்று காலை, காதுக்குப் பின்னால் மழிக்க ஆஸ்பத்திரி நாவிதர் ஆரோக்கியம் கத்தியோடு வந்தபோதும் அரைத்தூக்கத்தில் இடப்பக்கத்தையே நீட்டிவிட்டார். ஆரோக்கியமும் தேங்காய் மூடிபோல வழித்துவிட்டார்.

"ஐயோ, ஆபரேஷன் வலப்பக்கம்!" என்று நர்ஸ் அலறினாள்.

"சார் காட்டுன பக்கம்தானே வழிச்சேன்?"

"அவரைத் திட்டாதம்மா. காட்டுன மடையன் நான்தான்."

ஆரோக்கியம் கத்தியை வலப்பக்கம் கொண்டுவந்ததும் வேதரத்தினம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வலி போயிடுமான்னு கேட்டா ஒருத்தர் ஆண்டவன் இருக்கான்ங்கிறார், ஒருத்தர் பாத்துக்கலாம்ங்கிறார். பிடுங்கினா சரியாயிடும்னு சொன்னதை நம்பி ரெண்டு நல்ல பல்லைக் கொடுத்தவன்யா நான். நேரா பதில் வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு மயிரைத் தொட முடியாது."

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் நஸீமாவே வந்துவிட்டார். "வம்பு பண்றீங்களாமே?"

"நாலு வருஷமா சோத்தைக் கரைச்சுக் குடிக்கிறேன் டாக்டர். இதுகூடப் பண்ணக் கூடாதா?"

நஸீமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பத்துல எட்டுப் பேருக்கு வலி போயிடுது. சிலருக்குத் திரும்பி வருது. அந்தக் காது கேக்காமலும் போகலாம். பயமான்னு கேட்டா, எனக்கும் இருக்கு சார். கை மட்டும் நடுங்காது."

வேதரத்தினம் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பி வலக்கன்னத்தை நீட்டினார்.