நாய்க்கு ஏது மனப்பிரமை?

ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கில், என்னோடு வேலை பார்க்கும் லாக்லனும் டாம்சினும் சேர்ந்தால் தேநீர்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாது.

"மருந்தில்லாத வெத்து ஊசியைக் குத்தி ஊரை ஏமாத்துறே" என்பாள் டாம்சின்.

"நீ மட்டும் என்னவாம்? முதுகைத் தடவிட்டு எலும்பையே நகர்த்திட்டேன்னு கதை விடுறே" என்பான் லாக்லன்.

"ரெண்டுக்குமே உருப்படியா ஆதாரம் இல்ல" என்று நான் சொன்னால், இருவரும் என்மேல் பாய்வார்கள்.

போன வாரம் என் ஆட்டுப்பண்ணை நாய் பிஸ்கட் பின்னங்காலை நொண்டியது. இருவரும் விடவில்லை. லாக்லன் அதன் தொடையில் ஊசி குத்தினான்; டாம்சின் இடுப்பைப் பிடித்துவிட்டாள்.

இன்று காலை கிளினிக் வாசலில் பந்தைத் துரத்திப் பறந்தது நாய்.

"பார்த்தியா என் ஊசியை! மனுஷனுக்குக் குணமானா வெறும் மனப்பிரமைம்பே. நாய்க்கு ஏது மனப்பிரமை?" என்று குதித்தான் லாக்லன்.

"போடா! என் கை பட்டதுமே இடுப்பு இளகிடுச்சு. நடையிலேயே தெரியுது பாரு."

"குத்தின இடத்துல சதை எப்படித் தளர்ந்திருக்கு, தொட்டுப் பாரு!"

இருவரும் மண்டியிட்டு நாயின் தொடையைத் தடவினார்கள்.

நான் என் வண்டியின் பின்கதவைத் திறந்து விசிலடித்தேன். பிஸ்கட் தயங்கி இறங்கி, அதே பின்னங்காலைத் தூக்கியபடி நொண்டி நொண்டி வந்தது.

தடவிய கைகள் அப்படியே நின்றன.

"அது பிஸ்கட்டோட தம்பி டிங்கர். நேத்துதான் எங்க அக்கா பண்ணையிலேருந்து வந்தான். பொறந்ததிலேருந்து நொண்டினதே இல்ல" என்றேன். "நாய்க்கு மனப்பிரமை வராதுதான், லாக்லன். வைத்தியம் பார்த்தவங்களுக்குத்தான் வருது."