வாசலில் வேப்பிலை

வேப்பங்கொத்தை வாசல் நிலையில் சொருகிவிட்டு அவன் இறங்கியபோது, உள்ளே அவன் மனைவி செங்கமலம் மறுபடியும் கத்தினாள்.

தலைப்பிரசவம். விடியலிலிருந்து வலி. சயாமிய மருத்துவச்சி அவனை அறைப் பக்கமே அண்ட விடவில்லை.

எதிரே ஜப்பான்காரர் ஹயாமாவின் புகைப்படக் கடை. உள்ளே காலையிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களாகத் தெரியவில்லை. ஒருவர் போலீஸ்காரர். இன்னொருவர் கோட்டு போட்ட தமிழர், ஜப்பான்காரர்களுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி.

அவர்களைப் பார்த்துத்தான் அவன் வேப்பங்கொத்தை ஒடித்தான்.

உலகமெல்லாம் யுத்தம். சயாம் மட்டும் யார் பக்கமும் இல்லை. அதனாலேயே எல்லாப் பக்கத்து ஆட்களும் பாங்காக்கில் வந்து கடை போட்டிருந்தார்கள். ஜப்பான்காரர்கள் பல் பிடுங்கினார்கள், படம் எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் தேக்கு வாங்கினார்கள். அவன் எல்லோருக்கும் பால் ஊற்றினான்.

தேக்கு மரத் துரைக்கு மட்டும் பாலோடு கொஞ்சம் செய்தியும்.

செய்தி தெற்குக் கடற்கரையிலிருந்து வரும். கொண்டுவருகிறவன் மருதையன், செங்கமலத்தின் தம்பி. ரயிலில் வருவான், மச்சானிடம் வாயால் சொல்லுவான், போய்விடுவான்.

இன்று மருதையன் வரும் நாள்.

மருதையனுக்கு அடையாளம் சொல்லிக்கொடுத்தது அவன்தான். வாசலில் வேப்பிலை இருந்தால் ஆபத்து, நிற்காமல் நடையைக் கட்டு. துரைகூட முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தெருமுனையில் மருதையன் தெரிந்தான்.

வேப்பிலையைப் பார்த்தான். நின்றான்.

போடா, போய்விடு என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான்.

மருதையனின் முகம் மெல்ல மலர்ந்தது. வாயெல்லாம் பல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கற்கண்டுப் பொட்டலத்தை உயர்த்தி ஆட்டியபடி, நட்ட நடுத் தெருவில் ஓடி வந்தான்.

அப்போதுதான் வாசலில் நின்றவனுக்கு உறைத்தது.

ஊரில் பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். அக்காவுக்கு மாசம் நிறைந்துவிட்டது என்று தெரிந்த தம்பிக்கு, வேப்பிலை வேறு எதைச் சொல்லும்? உலகத்தில் இத்தனை இலை இருக்க, அவன் அதைப் போய்த் தேர்ந்தெடுத்திருந்தான்.

எதிர்க் கடையிலிருந்து மூவரும் தெருவைக் கடந்தார்கள். ஹயாமா கழுத்தில் கேமராவோடு வந்தார்.

துபாஷி வேப்பிலையைத் தொட்டுப் பார்த்தார். மருதையனை ஏற இறங்கப் பார்த்தார். எங்கிருந்து, எதற்கு என்று கேட்டார்.

அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்றான் மருதையன். அவனைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

“பொறந்தாச்சா?” என்று துபாஷி வீட்டுக்காரன் பக்கம் திரும்பினார்.

“ஆச்சுங்க” என்றான் அவன்.

உள்ளே செங்கமலத்தின் குரல் சட்டென்று நின்றது. எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. என்ன வலியோ, எதைக் கடித்துக்கொண்டாளோ, அதன்பின் ஒரு முனகல்கூட இல்லை.

“புள்ள சத்தத்தையே காணோம்?”

“தூங்குதுங்க.”

துபாஷி சிரிக்கவில்லை. போலீஸ்காரர் மருதையனின் தோளில் கை வைத்தார். பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வருவானா என்று யாராலும் சொல்ல முடியாது.

“எழுப்பிக் கொண்டாரச் சொல்லு.”

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

குழந்தை அழுதது.

வீடே அதிரும்படி அழுதது. அவன் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதான். மருதையன் சிரித்தான். போலீஸ்காரர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். பெண் குழந்தை. இத்தனை அமர்க்களத்துக்கும் தானே காரணம் என்பதுபோல முகத்தைச் சுருக்கி வைத்திருந்தது.

மருதையன் கற்கண்டைத் தண்ணீரில் கரைத்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

“பேரையும் சொல்லிடறேன், மச்சான். காதில.”

சொல்லும்போது குழந்தையைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தான். அவன் புரிந்துகொண்டு, பிள்ளையை ஏந்தியபடி குனிந்தான்.

துபாஷிக்குக் குரலே மாறிவிட்டது. இது எங்கள் வழக்கம், மூன்று தரம் சொல்லுவார்கள், மூன்றாம் மனிதர் கேட்கக் கூடாது என்று ஹயாமாவுக்கு ஜப்பானிய மொழியில் பெருமையாக விளக்கினார். பிறகு அதையே தமிழில் இவர்களிடமும் ஒருமுறை சொன்னார். எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்க வைத்தார்.

மருதையன் குழந்தையின் காதருகே வாயை வைத்தான். அவன் தன் காதையும் அங்கே கொண்டுபோனான்.

மீன்காரர்கள் என்று வந்திருக்கிற ஜப்பான்காரர்கள் மீன்பிடிக்கவில்லை. கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கரையோரம் ஆழம் பார்க்கிறார்கள். ஆற்றுவாய்க்கு வடக்கே.

மூன்று தரம் சொன்னான், முறைப்படி.

குழந்தை கவனமாகக் கேட்டுக்கொண்டது.

ஹயாமா படம் எடுத்தார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவருக்கே அந்தப் படம் மிகவும் பிடித்துப்போய், பெரிதாகப் போட்டுத் தன் கடைக் கண்ணாடியில் மாட்டினார். பால் ஊற்றப் போகும்போதெல்லாம் அவன் அதன்முன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான்.

ஆனால் அது பிறகு. அன்று, மூவரும் தெருவைக் கடந்து திரும்பிப் போனதும், உள்ளேயிருந்து செங்கமலம் களைத்த குரலில் கேட்டாள்.

“எம் புள்ளைக்கு என்னடா பேரு வச்ச?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.