பால் கவர் கொடும்பாவி

"உனக்கு அழுவ வருமாடி?"

தெருக் குழாயடியில் காத்தாயி அத்தை ஒருநாள் என்னைக் கேட்டாள். நான் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாயத் தொறக்காதவதான் நல்லா அழுவா. நாளைக்கு ஊர்வலத்துக்கு வந்துடு" என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

ஏரியைச் சுத்தம் செய்யும் குழுப் பையன்கள் கொடும்பாவி இழுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். மழை பொய்த்துப்போனால் எங்கள் பக்கத்தில் செய்வதுதான். ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மைமேல் ஏற்றி, பிணம்போல் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஏரிக்கரையில் கொளுத்துவார்கள். மழை வரும் என்பார்கள்.

குழுவை நடத்தும் இளவழகன் அண்ணனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வெயில் ஏன் கூடுகிறது, புயலில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் ஏன் மழை முகம் காட்டுவதில்லை என்று அவர் மைக்கில் பேசினால் நாய்கூட நிற்காது. கொடும்பாவி என்றால் தெருவே கூடும்.

அவர் வைக்கோல் வைக்கவில்லை. வற்றிய ஏரியில் குழு பொறுக்கிய பிளாஸ்டிக்கைத்தான் அடைத்தார். வயிற்றுக்குப் பால் கவர். கை காலுக்கு உரச் சாக்கு. தலைக்கு ஓட்டைக் குடம், அதில் கரி மீசை. ஒரு பழைய சட்டையை மாட்டி, கழுத்து நிறைய சாமந்தி மாலை போட்டார்கள்.

"கொளுத்துனா விஷப்பொக. பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துக்கும், அரைச்சு ரோட்டுக்குப் போட்டுடுவாங்க" என்றார் அண்ணன்.

"கொளுத்தாம இன்னாடா கொடும்பாவி?" என்று கேட்டாள் அத்தை.

"ரோடாக்கிட்டா தெனமும் மிதிக்கலாம், அத்த" என்றான் குழுவில் இருந்த பீமாராவ். அத்தை சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

அவள் மகன் சிவசங்கர், புயல் மழை கொட்டிய அன்று சாயங்காலம் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். பெங்களூர் பஸ் ஏறிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் போன் அணைந்தே கிடந்தது. கோபம் தீர்ந்தால் வருவான் என்று அவள் இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் சாவு வீடுகளில் ஒப்பாரி வைப்பதில்லை. சுற்று வட்டாரத்தில் அவளைப்போல் பாட ஆள் கிடையாது. தள்ளியிருக்கும் அனந்தபுரத்திலிருந்துகூட வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். போகவில்லை. பிள்ளை எங்கேயோ இருக்கும்போது தன் வாயிலிருந்து அந்தச் சொல் வரக்கூடாது என்பாள்.

இதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். இதில் செத்தவன் யாரும் இல்லையே.

தப்பு மேளம் முன்னால் போக, கொடும்பாவி தெருப் புழுதியில் உரசிக்கொண்டு வந்தது. ராஜகிரி மலைப் பாறையிலிருந்து அடித்த அனல் முகத்தைச் சுட்டது.

"பால் கவரே பை கவரே, எங்க மடைய அடைச்சவனே" என்று அத்தை எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுதோம்.

ஏரிக்கரையில் பொம்மையைக் கிடத்திவிட்டு, நாங்கள் வட்டமாகத் தோள்மேல் கைபோட்டு உட்கார்ந்தோம். என் கை அத்தையின் தோளில் இருந்தது. அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவ்வளவு நன்றாகப் பொய்யாக அழ அவளால்தான் முடியும்.

போட்டோ எடுக்கச் சட்டை தெரியட்டும் என்று பீமாராவ் மாலையைக் கழற்றினான்.

என் கைக்குக் கீழே அந்தத் தோள் குலுங்குவது நின்றுபோனது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பொம்மையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்துப்போன நீலக் கட்டம். பாக்கெட் ஓரத்தில் யாரோ சிவப்பு நூலால் கோணலாகத் தைத்திருந்தார்கள். அவள் விரல் அந்தத் தையல்மேல் போய் நின்றது.

மற்றவர்கள் பாட்டின் அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள்.

"இந்தச் சட்ட ஏதுடா?" பால் விலை கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏரிக்குள்ளதான் அத்த. மதகுகிட்ட சேத்துமேல கெடந்துச்சு" என்றான் பீமாராவ். "பேன்ட்டுகூட இருந்துச்சு. இழுத்து இழுத்துப் பாத்தோம், செம கனம், வரல. உட்டுட்டோம்."

இளவழகன் அண்ணன் மைக்கைக் கீழே இறக்கினார்.

அத்தை பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல் பொம்மையை மெல்லப் புரட்டிச் சட்டையை உருவினாள். பால் கவர்கள் சரிந்து கரையில் பறந்தன. யாரும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் விழுந்தது. முதலில் ஓட்டைக் குடத்தின்மேல் 'டொப்' என்று ஒரு துளி. பிறகு என் கையில். பிறகு எங்கும்.

"மழடா! கொடும்பாவி வேல செஞ்சிடுச்சுடா!"

பின்னால் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். தப்புக்காரர் நனைந்த தப்பையே அடித்தார். பெண்கள் முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்தார்கள். கரைக்குக் கீழே வெடித்த மண் கறுக்கத் தொடங்கியது. மதகுப் பக்கத்துச் சேற்றில் தண்ணீர் கோடுகோடாக இறங்கியது.

காத்தாயி அத்தை சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்து அதன்மேல் மூடினாள்.

பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏரிக்குள் இறங்கி மதகை நோக்கி நடந்தாள்.