ஆளில்லாத அறைக்கு ஓர் இலை

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைக்கும் ஆப் ஒன்றை அவள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அறையில் எத்தனை பேர் என்று ஒரு சென்சார் எண்ணும்; ஆள் இல்லையென்றால் விளக்கு தானாக அணையும். போனில் பாராட்டாக ஒரு பச்சை இலை துளிர்க்கும். ஊருக்குக் கொடுக்கும் முன் தன் வீட்டு அறைகளிலேயே சென்சாரை மாட்டிப் பார்த்தாள்.

மழை மூட்டமான ஒரு மாலையில் மகளின் அறை விளக்கு அணைந்தது. இலை துளிர்த்தது. மகளோ உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, லைட் போயிடுச்சு!"

"ஆடாம அசையாம உக்காந்திருப்பா. மெஷினுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றான் கணவன்.

"அந்த வாலு சும்மா உக்காருமா? கட்டை மாதிரித் தூங்குற உங்களையே அது சரியா எண்ணுதுங்க."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். விளக்கு எரிந்தது. போன் திரையில் 'ஒருவர்' என்று வந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அப்போதும் ஒருவர்தான். மனைவியும் போய்ப் பக்கத்தில் நின்றாள். இருவர் என்றது.

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. மகளைக் கட்டிலில் இறக்கிவிட்டான். இருவரும் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

"குதி கண்ணு. நல்லா குதி," என்றாள் அவள்.

மகள் குஷியாகக் குதித்தாள். கட்டில் கிறீச்சிட்டது. விளக்கு அணைந்தது. கையில் போன் அதிர்ந்து, இன்னொரு இலை துளிர்த்தது.

இருட்டுக்குள் கட்டில் சத்தம் மெல்ல அடங்கியது.

"அம்மா," என்றது மகளின் குரல். "நான் இங்கதானே இருக்கேன்?"