பினிங் என்றொரு புயல்

கடைசி லாரி கிளம்பத் தயாராக நின்றபோதும் எலாடியோ கூரையை விட்டு இறங்கவில்லை. தகரத்தின் மேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

கீழே ஊராட்சி உறுப்பினர் ஃபெலிசாவுக்கு ஒலிபெருக்கியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

பாதி ஊர் ஏற்கெனவே மலைமேல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மீதிப் பாதி லாரியைச் சுற்றி நின்றுகொண்டு எலாடியோவையே பார்த்தது. சமார் தீவின் அந்தக் கரையில் கடலைப் பற்றி அவன் சொன்னால் சொன்னதுதான்.

"வர்றது யாரு, பினிங்தானே? நாலு வருசத்துக்கு முன்ன வந்தாளே, அவதானே? கொடியில கெடந்த என் பனியனைத் தூக்கிட்டு ஓடினா, அவ்வளவுதான். இவளுக்குப் போயா மூட்டை கட்டுறீங்க?" என்று கூரையிலிருந்தே கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. புயல்களுக்கு வைக்கும் பெயர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். நிறையப் பேரைக் கொன்ற புயலின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆக, திரும்பி வருகிற பெயர் சாதுவான பெயர். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

"பேருதாண்ணே அதே பேரு. கடல் அதே கடலா?" என்றாள் ஃபெலிசா.

எலாடியோ கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். போன வாரம் முக்குளித்தபோது ஐந்து ஆள் ஆழத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. அந்தச் சூட்டைத் தின்றுதான் புயல் கொழுக்கிறது என்று வானொலியில் கேட்டுமிருந்தான். ஆனால் கூட்டம் சிரித்துவிட்டால் அவனுக்கு உண்மை வாயில் வராது.

லாரியில் ஏறியிருந்த இசித்ரோ மாமா மூட்டையைக் கீழே போட்டார். அவர் வீட்டார் ஆறு பேரும் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள்.

எலாடியோவின் மனைவி மெர்லி, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவர்கள் விட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

லாரி நகர்ந்தது. எலாடியோ கூரையிலிருந்து குதித்து, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.

"பொண்டாட்டி பாவாடையைக் கெட்டியாப் புடிச்சுக்கடா!" என்று மாமா கத்தினார். வெட்கத்தில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடல் தென்னை உயரத்துக்கு எழுந்து வந்து போனது. கரையில் தங்கியவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

வானிலைக்காரர்கள் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஜூனில் மகளைப் பாலர் வகுப்பில் சேர்க்க எலாடியோ கூட்டிப்போனான். வரிசையில் அவனுக்குப் பின்னால் இசித்ரோ மாமாவின் தங்கை, பேரனோடு நின்றிருந்தாள்.

புதிதாக வந்திருந்த ஆசிரியை, குழந்தையின் பெயரைக் கேட்டார்.

எலாடியோ முந்திக்கொண்டு, வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னான்.

மகள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல டீச்சர், அப்பா பொய் சொல்றாரு. நான் பொறந்த அன்னிக்கு வந்த புயலோட பேருதான் எனக்கு. பினிங்!"